சுன்னிவாவின் ஆறாத தொட்டி

சுன்னிவாவை எங்கள் நெஸ்வீக் ஊரில் முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும்தான். மலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து அஸ்லாக்கைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தவள், வந்த முதல் கிறிஸ்துமஸிலேயே என் வீட்டு பீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மார்தாக்கா. ஆனா பயந்து பயந்து பண்ணியிருக்கீங்க" என்றாள். என் வீட்டில், என் மேஜையில், என் கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு! அந்தக் கிண்ணத்தை அவள் தலையில் கவிழ்க்காமல் விட்டது என் பொறுமை. இத்தனை வருடம் கழித்து அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தாலும் அதுதான் முதலில் ஞாபகம் வருகிறது.

பயம் என்று அவள் சொன்னது சூட்டைப் பற்றி. முளைகட்டிய பார்லியை ஜூனிப்பர் என்கிற வாசனைப் புதரின் தழை போட்ட வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, அந்தச் சாற்றைக் காய்ச்சுவது வரை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். அதற்கு மேல்தான் ஆளுக்கு ஆள் சண்டை. காய்ச்சிய சாறு எவ்வளவு ஆறியதும் ஈஸ்ட்டைப் போடுவது? பாலுக்கு உறை ஊற்றுகிற கதைதான். ஈஸ்ட்டையும் நாங்கள் உறை என்றுதான் சொல்வோம். சூடு மிஞ்சினால் உறை செத்துப்போகும். ரொம்ப ஆறிவிட்டால் அது தூங்கிவிடும், தூங்குகிற நேரம் பார்த்துப் புளிப்பு உள்ளே நுழைந்துவிடும். நாங்கள் விரலை விட்டுப் பார்த்து, விரலுக்குச் சூடே தெரியாத பதத்தில் போடுவோம். சுன்னிவா சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, முழங்கையின் உள்மடிப்பைச் சாற்றில் வைப்பாள். "கறந்த பால் சூடு இருக்கணும். அதுக்குக் கீழே போனா உறைக்கு மரியாதை இல்லை" என்பாள்.

ஊரே சிரித்தது. "உறையை அவிச்சுச் சாப்பிடப் போறா" என்று சொன்னது நான்தான். மறுநாளே அவள் தொட்டி பால் பொங்குவதுபோல் பொங்கி, மேலே போர்த்தியிருந்த கம்பளியைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. அதற்கு அடுத்த நாள் அடங்கி, ஆறி, தெளிந்துவிட்டது. குடித்துப் பார்த்தோம். வாயை மூடிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு எந்த வீட்டில் பீர் காய்ச்சினாலும் சுன்னிவாவின் முழங்கைக்கு ஆள் போகும். ஆளைக் கூப்பிட்டதாகச் சொல்ல மாட்டார்கள், முழங்கையைத்தான். "முழங்கை வந்துச்சா?" "வந்துட்டுப் போயிடுச்சு, இன்னும் கொஞ்சம் ஆறணுமாம்." அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். குட்டையான உருவம், தடித்த கைகள், வாய் ஓயாத பேச்சு. சண்டை போட்டால் அன்றே மறந்துவிடுவாள், நாம் மறக்காமல் இருந்தால் அதற்கும் சண்டை போடுவாள். எப்போது அவளைப் பிடித்துப்போனது என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்துப்போனது.

உறை போடுகிற நொடியில் கத்த வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வீட்டில் இருக்கிற எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்று அடிவயிற்றிலிருந்து ஒரே கத்தல். மலைக்குள் இருக்கிற, கண்ணுக்குத் தெரியாதவர்கள் புது பீருக்கு ஆசைப்பட்டு வருவார்களாம், அவர்களை விரட்ட. அந்தக் கத்தலில் வார்த்தை வரக் கூடாது. பெயர் வரவே கூடாது. அந்த நேரத்தில் எதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அது தொட்டிக்கு வந்துவிடும் என்பது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். சுன்னிவா கத்தினால், மலைகளுக்கு நடுவே நீண்டு நுழைந்திருக்கும் கடலின், எங்கள் ஃபியோர்டின், அக்கரையில் மேயும் ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்க்கும். அஸ்லாக் பின்னால் நின்று காதைப் பொத்துவான், தன் காதை அல்ல, அவள் காதை. "உன் சத்தம் உனக்கே கேட்டா நீயே பயந்து ஓடிடுவடி" என்பான். நாள் முழுக்க அவன் பேசுவது அவ்வளவுதான்.

அஸ்லாக் மரவேலைக்காரன். படகு செய்வான், பீப்பாய் செய்வான். பனி கொட்டும்போதும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விறகு பிளப்பான். உடம்பிலிருந்து ஆவி வரும். "இவனைப் பக்கத்துல போட்டுக்கிட்டா ஒரு கம்பளி மிச்சம் அக்கா" என்று சுன்னிவா வெட்கமில்லாமல் எல்லார் முன்னாலும் சொல்வாள். அவன் காதுவரை சிவந்துபோய் எழுந்து வெளியே போய்விடுவான். அவர்களுக்குக் கூரோ என்று ஒரே மகள். அப்பாவின் கண், அம்மாவின் வாய்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாதம் அது. எங்கள் கரைக்கு அந்த நாட்களில் வெயில் வராது, மலை மறைத்துவிடும். பகல் என்பது கொஞ்ச நேரம் சாம்பல் நிறத்தில் வந்துவிட்டுப் போவது. அஸ்லாக் உப்பும் வெல்லப்பாகும் வாங்க அக்கரைக் கடைக்குப் படகில் போனான். காற்று இல்லை, அலை இல்லை. மாலையாகுமுன் படகு மட்டும் திரும்பி வந்து எங்கள் படகுத்துறையில் முட்டிக்கொண்டு நின்றது. கவிழவில்லை. துடுப்புகள் இரண்டும் உள்ளே ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. உப்பு மூட்டை நனையவில்லை. அவன் கையுறைகள் உட்காரும் பலகையின்மேல் ஒன்றோடொன்று சேர்த்து வைக்கப்பட்டிருந்தன, வீட்டுக்குள் நுழைந்தவன் கழற்றி வைப்பதுபோல்.

தேடினோம். எங்கள் ஃபியோர்டு அந்த இடத்தில் மலை எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம். உள்ளே போனவர்களைத் திருப்பிக் கொடுத்ததில்லை. பாதிரியார் வந்து, உடல் இல்லாவிட்டாலும் மணி அடிக்கலாம், ஜெபம் செய்யலாம் என்றார். சுன்னிவா அழவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாராவது உள்ளே வந்தால் முகத்தைப் பார்ப்பாள், பிறகு மறுபடியும் கதவை.

அஸ்லாக்கின் அண்ணன் ஹால்டோர்தான் பேச்சை எடுத்தான். நல்ல மனிதன், ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாது.

"சாவு பீர் காய்ச்சணும் சுன்னிவா."

"செத்தான்னு யாரு சொன்னது? நீங்க பாத்தீங்களா மாமா?"

"பாக்கலம்மா. பாக்காததாலதான் சொல்றேன். ஊரு கூடிக் குடிக்காட்டி, தான் செத்ததே தெரியாம அவன் குளிர்ல அலைவான். அவன் என் தம்பி. அவனை அப்படி விட முடியாது."

கூரோ தரையில் உட்கார்ந்து மரத்துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் சுன்னிவா எழுந்து பார்லி மூட்டையை இழுத்து வந்தாள்.

சாவு பீருக்கு ஊரெல்லாம் கூடிக் கத்துவதில்லை. வீட்டுக்காரி ஒருத்திதான் கத்த வேண்டும், தொட்டியோடு தனியாக நின்று. ஹால்டோரும் நானும் கூரோவும் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். காய்ச்சும் அறை முற்றத்துக்கு அப்பால், மலைக்குள் இருப்பவர்கள் நுழையாமல் இருக்க அதன் வாசல் நிலையில் ஒரு கத்தி செருகியிருந்தது. கதவை மூடிக்கொண்டு அவள் உள்ளே போய் நேரமாகிவிட்டது. முழங்கையை வைத்துக் காத்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு அந்தச் சத்தம் வந்தது.

"அஸ்லா...க்!"

ஹால்டோர் எழுந்த வேகத்தில் முக்காலி பின்னால் விழுந்தது. "என்ன பண்ணிட்டா இவ!" என்றான்.

"உக்காரு. துக்கத்துல வாய் தவறி வந்திருக்கும்" என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

கூரோ மட்டும் சந்தோஷமாக நிமிர்ந்தாள். "அப்பா வந்துட்டாரா பெரியம்மா?" என்று கேட்டாள்.

சுன்னிவா முற்றத்தைக் கடந்து வந்தாள். முகத்தில் எதுவும் இல்லை. "சூடு சரியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உலையில் மீனைப் போட்டாள்.

மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். தொட்டி பொங்கவில்லை. நுரை இல்லை, சீறல் இல்லை. மேலே மெல்லிய ஆடை ஒன்று படர்ந்திருந்தது, அது மெதுவாக எழும்பி மெதுவாகத் தாழ்ந்தது. தொட்டியைச் சுற்றி ஆட்டுத்தோல் போர்வையும் அதற்கு மேல் அஸ்லாக்கின் கனத்த கோட்டும் போர்த்தி, பொத்தான் போட்டிருந்தாள். உறை செத்துவிட்டது போலிருக்கிறது, இந்தத் தொட்டி வீண் என்று நினைத்துக் கையை வைத்தேன். கறந்த பாலைவிடச் சற்றுக் குறைவு. இதமான சூடு. கையை எடுக்க மனம் வரவில்லை என்பதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

பீர் தொட்டிக்கு ஒரு ஒழுங்கு உண்டு. உறை வேலை செய்யும்போது சூடு தானாக ஏறும், வேலை முடிந்ததும் தானாக இறங்கும். ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் நிற்காது. இது நின்றது. அடுத்த நாளும் அதே சூடு, அதற்கடுத்த நாளும் அதே சூடு. வெளியே உறைபனி, ஓடை நின்றுவிட்டது, கூரையில் பனிக்கூர்கள் ஆள் உயரத்துக்குத் தொங்கின. ஹால்டோர் வெண்ணெய் கடைவதற்கு வைத்திருந்த கண்ணாடித் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து உள்ளே விட்டான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"முப்பத்தேழு" என்றான்.

"சரியா பாரு."

"நேத்தும் முப்பத்தேழு மார்தா. முந்தாநாளும் முப்பத்தேழு. போர்வையை எடுத்துட்டுக்கூடப் பாத்தேன்." குரல் தேய்ந்துபோயிருந்தது. "இது பீர் சூடு இல்ல. மனுஷ உடம்புச் சூடு."

சுன்னிவா அதற்குள் காய்ச்சும் அறையிலேயே குடியேறிவிட்டாள். வைக்கோலைப் பரப்பி, தொட்டியின்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து நூல் நூற்பாள். அந்த அறையில் அடுப்பு எரியவில்லை, அணைந்து நாளாகிவிட்டது. ஆனாலும் அங்கே சன்னலில் பனி பிடிக்கவில்லை. பனி பிடித்தது வீட்டுக்குள். சமையலறை அடுப்பு சிவக்கச் சிவக்க எரியும், அதற்குப் பக்கத்தில் வைத்த வாளித் தண்ணீரில் ஆடை கட்டியதுபோல் பனிக்கட்டி மிதக்கும். மாட்டின் மடியிலிருந்து வந்த பாலே ஆறிப்போய் வந்தது. இதை நான் கறந்தேன், என் கையில் விழுந்தது, அதனால் யாரும் என்னோடு வாதம் செய்ய வேண்டாம்.

"சுன்னிவா, இதை வடிச்சுடு. ஊரைக் கூப்பிட்டுக் குடிச்சு முடிச்சுடுவோம்" என்றேன்.

"வடிக்க மாட்டேன்."

"ஏன்டி?"

"இது அவன் சூடு அக்கா."

"சூடு சூடுதான். எனக்கும் அதே சூடு, உனக்கும் அதே சூடு. அதுல அவன் இவன்னு எழுதியா ஒட்டியிருக்கு?"

"கூடப் படுத்தவளுக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். அவன் போனபிறகு முதல்தடவையாகச் சிரித்தாள். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவள்போல் முகம் தெளிவாக இருந்தது. "தனியா, அந்தத் தண்ணிக்குள்ள, அந்தக் குளிர்ல கிடந்தான். நான் கூப்பிட்டேன், வந்துட்டான். இப்ப குளிரலை அவனுக்கு. இதைப் போய் ஆறவிடச் சொல்றியே, உனக்கு மனசே இல்லையா?"

கையை வைத்துவிட்டு எடுக்க முடியாமல் நின்றவள்தானே நானும்.

ஆனால் கூரோ ஆறிக்கொண்டிருந்தாள். முதலில் விரல் நுனிகள். பிறகு பாதம். அழவில்லை, இருமவில்லை, காய்ச்சல் இல்லை, அதுதான் மோசம். பேச்சுக் குறைந்தது. அடுப்புக்கு முன்னால் உட்காரவைத்தால் கன்னம் மட்டும் சிவக்கும், கழுத்துக்குள் கையை விட்டால் ஓடைக்கல்லைத் தொட்டதுபோல் இருக்கும். ஹால்டோர் அதே தெர்மாமீட்டரைத் துடைத்து அவள் அக்குளில் வைத்துப் பார்த்தான். பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லவில்லை, கண்ணாடியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். மறுநாளும் வைத்தான். மறுநாள் இன்னும் குறைந்திருந்தது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீடு மாறினால் சரியாகும் என்று நினைத்தேன். சூடான பால் கொடுத்தோம். கல்லைச் சுட்டுத் துணியில் சுற்றிக் காலடியில் வைத்தோம். தொழுவத்தில் ஆடுகளுக்கு நடுவே படுக்கவைத்துப் பார்த்தோம். எப்போதும் ஆளைச் சுற்றி நெருக்கிப் படுக்கிற ஆடுகள் விலகிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டன. வீடு மாறியது, குளிர் மாறவில்லை. "பெரியம்மா, அப்பாவுக்குப் போதுமாம்மா?" என்று கேட்டாள். எது போதுமா என்று நான் கேட்கவில்லை. கேட்க தைரியம் இல்லை.

ஹால்டோரிடம் போனேன். "நீ அவ புருஷனோட அண்ணன். போய் அந்தத் தொட்டியோட அடைப்பைப் பிடுங்கு. அவ கத்தினா கத்தட்டும். பிள்ளை போயிடும்."

மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தான். சுன்னிவா நூற்பதை நிறுத்தவில்லை, தடுக்கவும் இல்லை. ஹால்டோர் தொட்டியின் அடிப்பக்கம் குனிந்து, ஒரு கையைப் பலகையில் ஊன்றிக்கொண்டு சுத்தியலை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது. ஊன்றிய கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தான், மறுபடியும் பலகையில் வைத்தான். சுத்தியலைத் தரையில் போட்டுவிட்டு, அந்தப் பெரிய உடம்பு குலுங்க, பிள்ளைபோல் அழுதுகொண்டு வெளியே போனான்.

"என்னால முடியாது மார்தா. உள்ள துடிக்குது" என்றான் முற்றத்தில்.

முட்டாள் பயல் என்று திட்டினேன். பிறகு சுத்தியலை எடுக்க நானே போனேன். வாசல்வரை போனேன். அவ்வளவுதான் போக முடிந்தது.

மறுநாள் சாம்பல் வெளிச்சம் வந்ததும் கூரோவைச் சால்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு காய்ச்சும் அறைக்குப் போனேன். பிள்ளையின் உதட்டில் நிறமே இல்லை. நான் புத்தி சொல்லவில்லை. சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. சுன்னிவாவின் இடது கையைப் பிடித்து இழுத்தேன், சட்டைக் கையைச் சுருட்டினேன், பிள்ளையின் பாதத்தை அந்த முழங்கை மடிப்பில் வைத்து அழுத்தினேன்.

"பாரு. ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்வியே. இதுக்கும் சொல்லு. எவ்வளவு சூடு?"

அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். நான் விடவில்லை. அவள் வலது கை தொட்டியின்மேல் இருந்தது, இடது கையில் மகளின் கால். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த மடிப்பு பொய் சொல்லாது, அது அவளுக்கும் தெரியும்.

"எப்ப இருந்து?" என்றாள்.

"நீ பேரைச் சொன்னதுல இருந்து."

எழுந்தாள். கோட்டின் பொத்தான்களைக் கழற்றினாள். ஆட்டுத்தோல் போர்வைகளை எடுத்து மடித்து வைத்தாள். சன்னலைத் திறந்தாள், கதவை அகலத் திறந்து ஒரு கல்லை முட்டுக்கொடுத்தாள். குளிர் ஆள் நுழைவதுபோல் உள்ளே நுழைந்தது.

"அடைப்பைப் பிடுங்கிடலாமே சுன்னிவா. சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றேன்.

"உசுரோட இருக்கும்போதே வடிக்கச் சொல்றியா?" என்று சீறினாள். பிறகு குரல் தணிந்தது. "ஆறட்டும். தானா ஆறட்டும். நான் கூடவே இருக்கேன்."

வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டாள். கன்னத்தைத் தொட்டி விளிம்பில் சாய்த்துக்கொண்டாள். நான் மூலையில் வைக்கோல்மேல் உட்கார்ந்து, கூரோவின் பாதங்களை என் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

அவள் பேசத் தொடங்கினாள். என்னோடு அல்ல. சிவப்பு மாடு இந்தத் தடவை கிடாரிதான் போடும் என்றாள். கூரைக் கல் ஒன்று நகர்ந்திருக்கிறது, ஹால்டோர் மாமா பார்த்துக்கொள்வார் என்றாள். "உன் பூட்ஸை மட்டும் அவருக்குத் தர மாட்டேன். அவர் கால் பெருசு, கிழிச்சுடுவார்." கூரோவுக்குப் பல் ஆடுகிறது என்றாள். பிறகு, "எதுக்குடா கையுறையைக் கழட்டின? யாரு கூப்பிட்டா உன்னை?" என்று கேட்டாள். பதில் வருவதற்கு இடம் விட்டதுபோல் காத்திருந்தாள். நான் கூரோவை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

அவள் உதடு நீலமாகிவிட்டது. "போதும், கையை எடு" என்றேன்.

"இன்னும் இருக்கான்."

கூரோவின் ஒரு கால்விரல் என் வயிற்றில் அசைந்தது. முதலில் என் பிரமை என்று நினைத்தேன். மறுபடியும் அசைந்தது.

அப்போதுதான் சுன்னிவாவின் தோள் முன்னால் இழுபட்டது. அவளாகச் சாய்ந்ததுபோல் இல்லை. கழுத்துவரை சாற்றில் இறங்கிவிட்டாள், கன்னம் நனைந்தது, இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் பிள்ளையைக் கீழே கிடத்திவிட்டு ஓடப் பார்த்தேன். "வராதே" என்றாள் என்னிடம். பிறகு, சண்டைக்கார வாயிலிருந்து நான் ஒருநாளும் கேட்டிராத மெதுவான குரலில், உள்ளே பார்த்துச் சொன்னாள்: "அஸ்லாக், கூரோ இங்கதான் இருக்கா. உன் பொண்ணு. அவளுக்குக் குளுருது."

ஒன்றும் நடக்கவில்லை. ஓடைப்பக்கம் எங்கோ பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் தோள் மெல்ல மெல்லப் பின்னால் வந்தது. மேலே படர்ந்திருந்த ஆடை எழும்பவில்லை. தாழ்ந்தபடியே நின்றுவிட்டது.

கையை வெளியே எடுத்தாள். விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் வளைந்து விறைத்திருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தேய்த்துவிட்டேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் இருந்தது. தொட்டி விளிம்பு அழுத்தியிருக்கும். தோள்வரை உள்ளே இருந்த கையின் மணிக்கட்டில் விளிம்பு எப்படிப் படும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

"நான் விடலைக்கா" என்றாள். "கடைசிவரைக்கும் நான் விடலை. அவன்தான் விட்டான்."

வைக்கோலில் கிடந்த கூரோ சால்வையை உதைத்துத் தள்ளினாள். "பெரியம்மா, வேர்க்குது" என்று சிணுங்கினாள்.

அந்த வாரம் மணி அடித்தார்கள். சாவுக்குச் செய்கிற வழக்கப்படி வாசலிலிருந்து ஜூனிப்பர் தழையைப் பரப்பிக்கொண்டே போனோம். கல்லறைக்குப் போகிற பாதையில் அல்ல, படகுத்துறைவரை, தண்ணீர் தொடுகிற இடம்வரை. பீரை வடித்து ஊர் கூடிக் குடித்தோம். நல்ல காரமான பீர், குளிர்ந்திருந்தது. முதல் கிண்ணம் ஹால்டோர் குடித்தான். தொட்டியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றும் சரி, பின்னாலும் சரி. எங்கள் ஊருக்கு வாய் நீளம்தான், ஆனால் எங்கே மூட வேண்டும் என்று தெரியும்.

சுன்னிவா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தாள். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கேட்டு வந்த இரண்டு பேரையும் சிரிக்கச் சிரிக்கத் திருப்பி அனுப்பினாள். எத்தனையோ கல்யாணத்துக்கு அவள் முழங்கை போனது. உறை போடும்போது முன்போலவே கத்தினாள், வார்த்தை இல்லாமல். கூரோவை வளர்த்து, கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளை பார்த்து, பல்லெல்லாம் போன பிறகும் பக்கத்து வீட்டு பீரைக் குறை சொல்வதை நிறுத்தாமல், போன வருடம் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். ஆனால் அவளை நினைத்தால் என் மனதைவிட்டுப் போகாமல் நிற்பது இதெல்லாம் இல்லை. சாவு பீர் தீர்ந்து, தொட்டியைக் கழுவப் போன நாள்.

எந்தத் தொட்டியிலும் பீரை வடித்த பிறகு அடியில் உறை வெண்ணெய்போல் படிந்திருக்கும். அதை வழித்துத் துணியில் உலர்த்தி வைத்தால்தான் அடுத்த தடவைக்கு. சுன்னிவா கரண்டியோடு குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒன்றும் இல்லை. இழைத்துப் பளபளப்பாக்கிய அன்றைக்கு இருந்ததுபோல் பலகை சுத்தமாக இருந்தது. கையால் தடவினேன். வழுவழுப்புக்கூட இல்லை, மரம் மட்டும்தான்.

"கொஞ்சம் எடுத்து வெச்சுட்டுத்தானே போட்ட?" என்றேன்.

"இல்லக்கா. இருந்ததை எல்லாம் போட்டேன். அவனுக்குன்னு போடும்போது மிச்சம் வெப்பாங்களா?"

தொட்டிக்குள் தலையை விட்டபடியே நின்றாள். பிறகு, கிண்ணத்தைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போன புருஷனைத் திட்டுகிற அதே குரலில் திட்டினாள்: "பாருக்கா இவனை! எங்கம்மா வீட்டு உறை. எனக்குன்னு ஒரு சொட்டு வெக்காம எடுத்துக்கிட்டுப் போயிட்டான். சொல்லிக்காமக்கூடப் போறான். மடையன், மடையன்..." அந்த வார்த்தையிலேயே குரல் உடைந்தது. அவன் படகு திரும்பி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று தொட்டிக்குள் குனிந்து நின்றபடியே அழுதாள். அவ்வளவு பெரிய தொண்டை அழும்போது எப்படி இருக்கும் என்று அன்றுதான் கேட்டேன்.

நான் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அழுது முடித்ததும் இருவரும் தொட்டியை வெளியே உருட்டிக் கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தோம். பிறகு என் வீட்டுக்குப் போய், நான் உலர்த்தி வைத்திருந்த உறையில் பாதியைத் துணியில் முடிந்து எடுத்துவந்து அவளிடம் கொடுத்தேன்.